"தள்ளு" என்றால் இழுப்பவர்

"தள்ளு" என்று எழுதியிருக்கும் கதவை இழுத்துக்கொண்டு நிற்பதுதான் அவருடைய காலை வணக்கம். தொழிற்கூடத்தின் முன்வாசலில் ஆளுயரக் கண்ணாடிக் கதவு. கை வைக்கும் இடத்துக்கு நேர் மேலே, பார்வை மங்கியவரும் படிக்கும் அளவில் அந்த வார்த்தை. சாப்பாட்டுப் பையை இடது தோளுக்கு மாற்றுவார், கால்களை அகட்டி ஊன்றிக்கொள்வார், இழுப்பார். கதவு வராது. "இன்னிக்கும் பூட்டி வச்சிருக்காங்க பாரு" என்பார், யார் மீதும் கோபமில்லாமல். உள்ளே நாற்காலியில் இருக்கும் காவலாளி எழுந்து வந்து தன் பக்கமாக இழுத்துத் திறந்துவிடுவார். "பாத்தியாப்பா, இழுத்தாதான் வருது" என்று அவருக்கு ஒரு பாடம் சொல்லிவிட்டு உள்ளே போவார்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார் என்று ஒரு வதந்தி.

வதந்தி என்றால் விசாரிப்பதுதானே முறை. காவலாளி மனம் நொந்திருந்தார். "என் கண்ணால பாத்தேன். என்னை எழுந்திரிக்கவே விடல. காலையில எனக்குன்னு இருந்த ஒரே வேலை அது" என்றார். தரை துடைக்கும் அம்மாள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்று தரை ஈரமாக இருந்தது, மனிதர் வழுக்கிக் கதவின் மேல் விழுந்தார், கதவு திறந்துகொண்டது, அவ்வளவுதான் என்றார். கணக்குப் பிரிவில் மட்டும் இம்மியளவு சந்தேகமும் இல்லை. அவர் ஒரே விரலால் தள்ளினார், தள்ளியபோது சீட்டியடித்துக்கொண்டிருந்தார், பின்னால் வந்தவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டும் நின்றார் என்றார்கள். அந்த நேரத்தில் கணக்குப் பிரிவிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு மனிதர் ஒரு கதவைத் தள்ளியதற்கா இத்தனை அமளி என்று கேட்கத் தோன்றும். அங்கே அது பெரிய விஷயம். அவர் அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குவதே தப்பாகச் செய்வதற்குத்தான்.

கம்பெனி தயாரிப்பது வீட்டுக்கு உதவும் சின்னச் சின்னச் சாதனங்கள். தோல் உரிப்பான், பழம் பிழிவான், மடக்குக் குடை, ஊசியில் நூல் கோத்துத் தரும் கருவி, ஈரத்துணி காயப்போடும் மடக்குச் சட்டம். எதைச் செய்தாலும் கடைக்கு அனுப்புமுன் அவர் கையில் ஒன்றைக் கொடுப்பார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை. நடுவில் ஒரு மேசை. அவர், அந்தப் பொருள். சுவருக்கு அந்தப் பக்கம் பொறியாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் அதைக் கையில் எடுத்து, இப்படி ஒருமுறை அப்படி ஒருமுறை பார்த்து, "ஓ, இதுவா" என்பார். அந்த "ஓ, இதுவா"வைக் கேட்டதும் வெளியே நிற்பவர்கள் குறிப்பேட்டைத் திறப்பார்கள். அதற்குப் பிறகு நடப்பதை அந்தப் பொருளை உருவாக்கியவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

முன்பு அவர் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது புது மாதிரிக் குடை ஒன்றை யாரோ அவர் கையில் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்தினால் விரியும் குடை. அவர் கைப்பிடி எது, கூம்பு எது என்ற வேற்றுமை பாராட்டாமல் அழுத்தினார். குடை உள்ளும் புறமும் மாறி அவரையே விழுங்கியது. வெளியே எடுக்க இருவர் தேவைப்பட்டனர். அதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் தலைமை வடிவமைப்பாளர். எல்லோரும் மேடம் என்று அழைக்கும், அதிகம் பேசாத பெண்மணி. நாட்டில் எத்தனை பேர் இதையே செய்யப் போகிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மறுவாரமே குடை விழுங்கிய மனிதருக்கு மூட்டைக்குப் பதில் மேசை. கிடங்கில் "கோணல்" என்று தொடங்கிய பட்டப்பெயருக்குக் கண்ணாடி அறை வந்ததும் மரியாதையும் ஒட்டிக்கொண்டது. இப்போது அவர் கோணலார்.

கோணலார் வந்தபிறகு கம்பெனி கண்டுபிடித்தவை கொஞ்சமல்ல. துணி காயப்போடும் சட்டத்தைத் தலைகீழாக விரித்து அதன்மேல் சட்டிபானையை அடுக்கிவைத்தார். இப்போது அதே சட்டம் இரண்டு பெட்டிகளில், இரண்டு பெயர்களில், இரண்டு விலைகளில் விற்கிறது. சூடாறாக் குடுவையின் மூடியைக் கோணலாகத் திருகி, சூடான தேநீரோடு அப்படியே மறந்துவிட்டார். மாலையில் அது திறக்கவில்லை. பொறியாளர்கள் ஒவ்வொருவராகத் திருகிப் பார்த்துத் தோற்றபோது கோணலார் கேட்ட கேள்வி கம்பெனியில் இன்றும் பிரசித்தம். "உள்ள உக்காந்து யாரு இழுத்துப் புடிக்கிறா?" உள்ளே யாருமில்லை, ஆவி குளிர்ந்து சுருங்கியதால் வெளிக்காற்றுதான் மூடியை அழுத்துகிறது என்று விளக்கினார்கள். வாயைப் பிளந்து கேட்டார். காற்று ஒரு மூடியை அழுத்திப் பிடிக்கும் என்பது அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

அன்றிலிருந்து அறிவியல் துணுக்குகள் மேல் அவருக்குத் தீராத ஆசை. செய்தித்தாளின் மூலையில் வருவதையெல்லாம் படித்துவிட்டு மதிய உணவின்போது எல்லோருக்கும் பரிமாறுவார். விஷயம் சரியாக இருக்கும். முடிவு மட்டும் அவருடையது. "ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம். ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு ஆபீஸுக்கு, மூணாவது லீவு நாளைக்கு." "மின்னல் இருக்கே, சூரியனோட மேல்பக்கத்தைவிடச் சூடாம். ஆனா என்ன பண்ண, சூரியன்தான ஒழுங்கா தினமும் வேலைக்கு வருது." நல்ல யோசனை தந்தவர் என்று கம்பெனி அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தது. அதில் மின்கலத்தைப் போட்டவரும் அவரே. அது இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

வீட்டில் திறப்பது, மூடுவது, கழற்றுவது, மாட்டுவது எல்லாம் மனைவியின் துறை. அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர் அவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் அட்டைப்பெட்டி மடிப்பார். கல்யாணமான புதிதில் ஒரு ஜன்னல் கொக்கியைத் திறக்கச் சொன்னதற்குக் கணவர் ஜன்னலையே கையில் கொண்டுவந்து கொடுத்தாராம். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்டதில்லை. கேட்காததைக் குறையாகச் சொன்னதுமில்லை. ஆனால், மனதின் ஒரு மூலையில், என்றாவது ஒருநாள் இந்த மனுஷன் எதையாவது திறக்க மாட்டாரா என்று ஒரு சின்ன ஆசை இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் திங்கட்கிழமை பேக்கிங் மேசையில் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

"நேத்து எங்க வீட்டுக்காரர் ஒரு கதவைத் திறந்தாரு" என்றார், ஒட்டு நாடாவைக் கிழித்தபடி. "பக்கத்து வீட்டு ஆளு பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாரு. இவருதான் திறந்து காப்பாத்துனாரு. திருப்புளியோட வந்து நின்னாரு பாருங்க, எனக்கே அடையாளம் தெரியல."

பேக்கிங் பிரிவில் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்னதற்குச் சமம். காலையில் கதவைத் தள்ளிய செய்தியும் இதுவும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. மதியத்துக்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. கோணலாருக்குக் கை நேராகிவிட்டது.

கோணலார் காதுக்கும் அது வந்தது. மதியச் சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கி வைத்தார். ஏனென்றால் அது உண்மை என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஞாயிறு காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் காற்றுத்துளை அவரைக் கூப்பிட்டது. "சார்... சார்... யாராவது இருக்கீங்களா?" பக்கத்து வீட்டுக் குளியலறையும் அவருடையதும் ஒரே காற்றுக்குழாயைப் பங்கு போடுபவை. அங்கே குடியிருப்பவர் வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துபவர். விடுமுறை நாட்களில் விடுபடு வித்தகர். சங்கிலியிலிருந்து விடுபடுவார், சாக்கிலிருந்து விடுபடுவார், கயிற்றால் கட்டி நாற்காலியோடு போட்டாலும் விடுபடுவார். அடுத்த ஞாயிறு மாலை பகுதி மன்ற அரங்கில் பூட்டிய பெட்டியிலிருந்து விடுபடப் போவதாக மாடிப்படி முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்தார். பெட்டியிலிருந்து எப்படி வெளியே வருவது என்பது மட்டும் அவருக்கே இன்னும் பிடிபட்டிருக்கவில்லை. மனைவி வெளியே போன நேரம் பார்த்துக் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு, கைவிலங்கோடு பயிற்சி செய்துகொண்டிருந்தார். கைவிலங்கு கண்ணிமைக்கும் நேரத்தில் கழன்றது. தாழ்ப்பாள் கழலவில்லை.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கொடுத்துவைத்த மாற்றுச் சாவி கோணலார் வீட்டு ஆணியில் தொங்கியது. கோணலாரின் மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தார். தலைகீழாகவும் பக்கவாட்டிலும் முயன்று, ஒருவழியாக வீட்டைத் திறந்து கோணலார் உள்ளே போனார். குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் உரசிக்கொண்டு ஒரு திருப்புளி வெளியே வந்தது. சாதாரணத் திருப்புளி அல்ல. கைப்பிடிக்குள்ளே பல முனைகளை அடக்கிக்கொண்டு, நுனியில் குட்டி விளக்கும் வைத்த புதுமாதிரி. "கழட்டுங்க சார்" என்றது உள்ளிருந்து குரல். கோணலார் கழற்றினார். ஒரு தட்டு, ஒரு நெம்பு, இன்னொரு தட்டு. கதவு அவர் கையோடு வந்தது. உள்ளே துண்டோடு நின்ற வித்தகர் முதலில் கும்பிட்டார். இரண்டாவதாகச் சத்தியம் கேட்டார். "சார், இது வெளிய தெரிஞ்சா என் பொழைப்பு போச்சு. பாத்ரூம்ல இருந்து வெளிய வரத் தெரியாதவன் பெட்டியில இருந்து வருவானான்னு கேப்பாங்க." கோணலார் சத்தியம் செய்துகொடுத்தார். திருப்புளியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்துவிட்டார். காய்கறிப் பையோடு படியேறி வந்த மனைவி கண்டது அந்தக் காட்சியைத்தான். வித்தகர் கெஞ்சியது படியிலேயே அவர் காதில் விழுந்திருந்தது.

அன்று முழுக்கக் கோணலார் நிலத்தில் நடக்கவில்லை. திங்கள் காலை கதவைத் தள்ளியது அந்த மிதப்பில்தான். மதியம் வதந்தி காதில் விழுந்தபோதுதான் கால் தரையில் பட்டது. நேரான கைக்குக் கண்ணாடி அறையில் என்ன வேலை? மறுபடி கிடங்கு, மூட்டை, முதுகுவலி. அதையாவது தாங்கலாம். உலகத்தில் தனக்கென்று இருந்த ஒரே திறமை போய்விட்டதே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

திருப்புளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பாதிப் பழி தீரும் என்று அன்று மாலையே அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அதன் விளக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எரிந்துகொண்டே இருந்தது. அணைக்கும் வழி தெரியாமல் கைக்குட்டையில் சுற்றியிருந்தார். வித்தகர் கதவைத் திறந்தார். பின்னால் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"இது என்னோடது இல்லையே சார்" என்றார் வித்தகர்.

"உங்களோடதுதான். அன்னிக்கு நீங்க..."

"நான் இப்படி ஒரு பொருளைப் பாத்ததே இல்ல சார்" என்றார் வித்தகர், கைவிலங்கிலிருந்து கழன்ற அதே வேகத்தில். கூடவே ஒரு கட்டு இலவச அனுமதிச் சீட்டுகளையும் கோணலார் கையில் திணித்தார். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கான நன்றி அது. கோணலார் அதை, ஆள் சேர்க்கச் சொல்லும் வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு, மறுநாள் கம்பெனி முழுக்க விநியோகித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் திருப்புளியின் விளக்கை அணைத்துக் கொடுத்தவர் கோணலாரின் மனைவி.

செவ்வாயன்று புதிய சீசாத் திறப்பான் சோதனைக்கு வந்தது. இறுகிய மூடியைக் கவ்விப் பிடித்துத் திருகும் கருவி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். கோணலார் அதைக் கையில் எடுத்தார். "ஓ, இதுவா" என்று சொல்லவில்லை. தலையைச் சொறிந்தார். "இது எப்படின்னு தெரியலையே" என்று முனகினார். மூடியில் வைக்கவேண்டியதைச் சீசாவின் அடியில் வைத்துப் பார்த்தார், கீழே போட்டார், நாக்கைக் கடித்துக்கொண்டார். மேடம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, மற்றவர்களைப் போகச் சொன்னார்.

"அண்ணே, இது நடிப்பு" என்றார்.

கோணலார் கீழே கிடந்த திறப்பானைக் குனிந்து எடுத்தார்.

"நிஜமா தப்பு பண்றவங்க யோசிக்க மாட்டாங்க. நீங்க தப்பு பண்ணும்போது ரொம்பத் தைரியமாப் பண்ணுவீங்க. தப்பு பண்ணிட்டுச் சாமானைத்தான் திட்டுவீங்க. இன்னிக்கு உங்களையே திட்டிக்கிட்டீங்க." அவர் குரலில் கோபமில்லை, அதுதான் கோணலாரை அதிகம் பயமுறுத்தியது. "நீங்க நடிச்சா, நிஜத் தப்பு எது, ஆபத்து எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாமப் போயிடும். யார் வீட்லயோ விரல் போகும். அந்தக் கதவு விஷயம் உண்மையா?"

கோணலாருக்குச் சத்தியம் நினைவுக்கு வந்தது. ஆள் யார் என்று மட்டும் கேட்கக்கூடாது என்றார். மற்றதை ஒப்புக்கொண்டார். "திறந்துட்டேன் மேடம். தெரியாமத்தான் திறந்துட்டேன். இனிமே திறக்க மாட்டேன்."

மேடத்துக்கு அந்தப் பதில் புதிதாக இருந்திருக்க வேண்டும். எப்படித் திறந்தீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். நடைபாதைக் கோடியிலிருந்த கழிவறையும், பக்கத்து வீட்டுக் குளியலறையைப் போலவே, வெளிப்பக்கம் திறக்கும் கதவு கொண்டதுதான். பொறியாளர்களில் மெலிந்த ஒருவரைக் கூப்பிட்டு, உள்ளே அனுப்பித் தாழிடச் சொன்னார். கோணலார் தன் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். அதை வீட்டில் வைக்கவும் பயம், கூடவே கொண்டுதிரிவது என்று முடிவு செய்திருந்தார். கதவின் முன் நின்றார். கதவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, இதுவா" என்றார்.

நேரே போய்க் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் நின்றார். கதவைச் சட்டத்தோடு பிணைக்கும் கீலின் அடியில் திருப்புளி முனையை வைத்து, செருப்பைக் கழற்றி ஒரு தட்டுத் தட்டினார். கீலின் நடுவிலிருந்த ஊசி மேலே எழும்பியது. நெம்பி உருவினார். அடுத்த கீல். அதுவும் வந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்க, கதவு மறுபக்கமாகப் பெயர்ந்து அவர் மேல் சாய்ந்தது. உள்ளே நின்ற பொறியாளர் வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டினார்.

"பூட்டு கழண்டுடுச்சு" என்றார் கோணலார், கதவுக்கு அடியிலிருந்து.

மேடம் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தப் பெண்மணி சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அண்ணே, அது பூட்டு இல்ல. அது கீலு. பூட்டு அந்தப் பக்கம், கைப்பிடி கிட்ட."

கோணலார் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "அது சும்மா புடிச்சுக்கறதுக்கு வச்சதில்லையா?"

கண்ணாடி அறை தப்பியது. அன்று மாலைக்குள் மேடத்தின் மேசையில் ஒரு புதுச் சாதனத்தின் வரைபடம் விரிந்திருந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவரை வெளியிலிருந்து விடுவிக்க, ஊசியை விரலால் உருவும் கீல். கோணலார் மூச்சு விட்டார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த மூச்சு பாதியில் நின்றது. கம்பெனிக்கு உண்மை தெரிந்துவிட்டது. மனைவிக்கு?

அடுக்களை மேடையில் ஒரு தேன் சீசா தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. "மூடி இறுகிப் போச்சு. நீங்க வரட்டும்னு வச்சேன்" என்றார் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. தேன் கெட்டுப்போகாது, எத்தனை காலம் ஆனாலும் அப்படியே இருக்கும் என்று கோணலார் ஒரு துணுக்கைத் தொடங்கினார். மனைவி காத்திருந்தார். அவர் சீசாவை எடுத்து, பல்லைக் கடித்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இன்னும் இறுக்கினார்.

மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு அந்தக் கதவைத் திறந்தது நீங்கதான?"

"நான்தான்."

"அந்தாளு வெளிய வந்தாரா இல்லையா?"

"வந்தாரு. ஆனா அது வந்து, கீலு..."

"அது போதும்" என்று சீசாவை வாங்கி, ஒரு துணியை வைத்து ஒரே திருகில் திறந்துவிட்டார்.

ஞாயிறு மாலை மன்ற அரங்கில் கம்பெனியே குடியேறியிருந்தது. பேக்கிங் பிரிவு முன்வரிசைகளில். காவலாளி குடும்பத்தோடு நடுவில். மூன்றாம் வரிசை ஓரத்தில் மேடம். திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த வித்தகருக்கு இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று புரியவில்லை. சங்கிலி, சாக்கு எல்லாம் முடிந்து பெட்டி வந்தது. ஆள் நிற்கும் உயரம், முன்பக்கம் ஒரு கதவு, அதில் கைக்கு அடங்காத பெரிய பூட்டு. பூட்டைச் சோதிக்கச் சபையிலிருந்து ஒருவர் வரலாம் என்று வித்தகர் வழக்கம்போலச் சொன்னார். கம்பெனி ஆட்கள் வழக்கம்போல அல்லாமல் ஒரே குரலில் ஒருவரையே கூப்பிட்டார்கள். "கோணலார்."

வித்தகரின் முகத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல ஆயிற்று.

கோணலார் மேடையேறினார். சட்டைப்பையில் திருப்புளி. பெட்டியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பூட்டு பெரிதாக, பளபளப்பாக, யாரும் அசைக்க முடியாததாகத் தொங்கியது. மறுபக்கம் இரண்டு கீல்கள். ஒரு வாரம் முன்பு என்றால் அவற்றின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்தது. மேல் கீலின் ஊசி ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. விரலால் உருவினால் வந்துவிடும். கீலுக்கு அடியில் பலகையில் விரல் நுழையும் ஒரு துளை; உள்ளிருந்து தள்ளினாலும் எழும்பிவிடும். பெட்டியிலிருந்து எப்படி வெளியே வருவது என்று வித்தகருக்குக் குளியலறையில்தான் பிடிபட்டிருக்கிறது.

அவர் வித்தகரைப் பார்த்தார். வித்தகர் கண்ணாலேயே கும்பிட்டார்.

கோணலாருக்கு அது ஒரு நீண்ட நொடி. பூட்டுப் பக்கம் போய் நியாயமாக இழுத்துப் பார்த்தால் வித்தகர் பிழைப்பார். ஆனால் மூன்றாம் வரிசையிலிருந்து மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கை நேராகிவிட்டது என்பது அம்பலமாகும். கீல் பக்கம் போனால் கண்ணாடி அறை பத்திரம். ஊசி கையோடு வந்துவிட்டால் வித்தகர் கதை முடிந்தது. முன்வரிசையில் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஓ, இதுவா" என்றார் கோணலார்.

சொல்லிக்கொண்டே தயங்காமல் கீல் பக்கம் போனார். உள்ளங்கையை அகல விரித்து, மேல் கீலை முழுக்க மூடினாற்போல அழுத்திப் பிடித்தார். இன்னொரு கையால் பெட்டியைக் குலுக்கினார். சபையைப் பார்த்துத் தைரியமாக அறிவித்தார். "பூட்டு கெட்டியா இருக்கு. அசைக்க முடியல. என்ன சாமான் செஞ்சிருக்கான் பாரு."

அரங்கம் கூரை எழும்பச் சிரித்தது. காவலாளி எழுந்து நின்று கைதட்டினார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை; தலையை லேசாகச் சாய்த்து, சீசாத் திறப்பான் சோதனையன்று பார்த்த அதே பார்வையைப் பார்த்தார். கோணலார் கையை எடுத்தபோது, நீட்டிக்கொண்டிருந்த ஊசி உள்ளே போய்க் கீலோடு கீலாக உட்கார்ந்திருந்தது.

வித்தகர் பெட்டிக்குள் போனார்; வாத்தியம் ஒலித்தது; வெளியே வந்தார். எப்படி வந்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை. முடிந்ததும் சபையை வணங்கிவிட்டு, பூட்டைச் சோதித்த பெரியவர் என்று கோணலாரை மறுபடி மேடைக்கு அழைத்துக் கட்டிக்கொண்டார். அந்த அணைப்புக்குள்ளே, யாரும் பார்க்காமல், கோணலார் திருப்புளியை அவர் கைக்குள் வைத்து மூடினார். இப்போதாவது வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை. வித்தகர் அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். பிடித்த பிடியில் அதன் விளக்கு எரிந்தது.

"இது யாரோடது?" என்று சபையைக் கேட்டார். பிறகு கோணலார் பக்கம் திரும்பினார். "உங்களோடதா சார்? மேடையில விழுந்து கிடந்துச்சு." எரியும் விளக்கோடு அதைக் கோணலாரின் சட்டைப்பையிலேயே சொருகி, மேலே ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்.

கூட்டம் கலைந்தது. கோணலார் வாசலை நோக்கி நடந்தார். பின்னால் மனைவி, அதற்கும் பின்னால் மேடம். நடக்கும்போதே அவர் கை சட்டைப்பைக்குப் போனது. பார்க்காமலே, கட்டைவிரலால் கைப்பிடியை அரைச்சுற்று திருப்பி விளக்கை அணைத்தது. பிறகு அரங்கக் கதவின் முன் நின்றார். "தள்ளு" என்று எழுதியிருந்தது. சற்று ஒதுங்கி நிற்கும்படி மனைவிக்குக் கண்காட்டினார். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார். பிடியை இரண்டு கையாலும் பற்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்தார்.